ஒரு படி இறக்கம்

மார்ச் 3, செவ்வாய்

இந்த விளையாட்டுக் கம்பெனிக்காரன் நாசமாய்ப் போக. காலையில் பல் தேய்த்துக்கொண்டே போனைத் திறந்தால் அறிவிப்பு வந்து கிடக்கிறது. ஏப்ரல் ஒன்றாம் தேதி அயர்ன் டெல்டாவின் புது சீசன் தொடங்குகிறதாம். இந்த முறை ரீசெட் மென்மையாக இருக்குமாம். எல்லோரும் ஒரே ஒரு படி மட்டும் இறங்கினால் போதுமாம். பக்கத்தில் ஒரு பொம்மை துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு கைகூப்பிச் சிரிக்கிறது. அதன் மூஞ்சியில் வாய் கொப்பளித்த தண்ணீரைத் துப்பலாம் போல இருந்தது. போன் என்னுடையது என்பதால் விட்டேன்.

ஆல்வினிடம் சொன்னேன். ஒரு படி இறங்கினால் நல்லதுதானே, குறைவாகத்தானே இறங்குகிறது என்று இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். அவருக்கு என் ஆட்டமும் ஒன்றுதான், பக்கத்து வீட்டுப் பிள்ளை பலூன் சுடுவதும் ஒன்றுதான். கல்யாணமாகி முதல் ஆண்டு நிறையப் போகிறது, இன்னும் புரியவில்லை. இங்கே எழுதினாலாவது என் மண்டைச்சூடு இறங்கட்டும்.

அயர்ன் டெல்டாவில் ஐந்து ரேங்க். அடியில் ப்ரான்ஸ், அப்புறம் சில்வர், கோல்டு, பிளாட்டினம், உச்சியில் டைமண்ட். ஜெயித்தால் ஏறலாம், தோற்றால் இறங்க வேண்டும். ஏறியவன் ஏறிய இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டால் ஆட்டம் செத்துப்போகும். அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை கம்பெனி எல்லோரையும் கலைத்து அடுக்கும். அதுதான் ரீசெட். இதுவரை மேலே இருப்பவர்களைத்தான் பலமாக இறக்குவார்கள். டைமண்ட்காரன் கோல்டில் வந்து விழுவான். சில்வரில் இருப்பவள் சில்வரிலேயே இருப்பாள். இன்னொரு விதியும் இருக்கிறது. ரேங்க் ஆட்டத்தில் ஒரு படிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் இரண்டு பேர் ஒரே டீமில் சேர முடியாது.

என் தம்பி தரணி டைமண்ட். நான் சில்வர். சீசன் முழுக்க நாங்கள் சேர முடியாது. ரீசெட் ஆன முதல் வாரம் மட்டும் அவன் கோல்டில் கிடப்பான், நான் சில்வர். ஒரு படிதான். அவன் திரும்ப ஏறிப் போகிறவரை சேர்ந்து ஆடுவோம். புது ரீசெட்டில் அவன் பிளாட்டினத்தில் நிற்பான், நான் ப்ரான்ஸில் கிடப்பேன். அந்த ஒரு வாரமும் போச்சு.

பெரிய ஆட்டக்காரர்கள் கீழே வந்து விழுந்து புதியவர்களை அடித்து நொறுக்குகிறார்கள், புதியவர்கள் பயந்து ஓடிவிடுகிறார்கள், அதனால்தான் இந்த மாற்றம் என்று காரணம் எழுதியிருக்கிறார்கள். நியாயமான காரணம்தான். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல்.

மார்ச் 4, புதன்

ரேங்க் இல்லாத சாதா ஆட்டமும் இருக்கிறதே, அதில் சேர்ந்து ஆட வேண்டியதுதானே என்று ஆல்வின் கேட்டார். வாயால் பதில் சொன்னால் சண்டையாகும். எழுதிவிடுகிறேன்.

போன வருஷம் நான் திண்டுக்கல்லை விட்டு வந்து ஆல்வினைக் கட்டிக்கொண்டதும், அப்பா தரணியைக் கூடத்தில் நிறுத்தி, இனி அவளோடு ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று வாக்கு வாங்கினார். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரனைக் கட்டியவள் இந்த வீட்டுக்கு இல்லை என்பது அவர் தீர்ப்பு. அம்மா அடுப்படியில் இருந்தாளாம். தரணி வாக்குக் கொடுத்தான். இன்றுவரை காப்பாற்றுகிறான், பெரிய உத்தமன். போன் கிடையாது, மெசேஜ் கிடையாது. சாதா ஆட்டத்துக்கு அழைத்தால் மறுத்துவிடுவான். ஆனால் சீசன் முதல் நாள் ரேங்க் ஆட்டத்துக்கு அவனே அழைப்பு அனுப்புவான். அவன் ஒன்பதாவது படித்ததிலிருந்து எந்தச் சீசனிலும் முதல் ஆட்டம் எங்கள் இருவருக்கும் சேர்ந்துதான்.

அவன் கணக்கு எனக்குப் புரிகிறது. ரேங்க் ஆட்டத்தில் எதிரி எங்கே என்று கூட ஆடுகிறவளிடம் சொல்லாமல் இருந்தால் டீமுக்குத் துரோகம். ஆகவே அது பேச்சில் சேராது. சாதா ஆட்டத்தில் பேசினால் அரட்டை. அரட்டை அடித்தால் வாக்கு போய்விடும். அவனை வக்கீலுக்குப் படிக்க வைத்திருக்கலாம், தெரியாமல் இன்ஜினியரிங்கில் தள்ளிவிட்டார்கள்.

ஜனவரியில் அவன் என்னிடம் பேசியது மொத்தமும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இடது பக்கம் ரெண்டு பேரு. பின்னாடி வா. மேல பாத்து. மருந்து வேணுமா. அந்தக் கடைசியை மட்டும் எனக்கு அடியே படாதபோதும் கேட்டான். நான் ஒன்றும் ஏங்கிக் கிடக்கவில்லை. காலங்காலமாக ஒரு வழக்கம் இருக்கிறது, அதைக் கெடுக்கிறார்களே என்றுதான் எரிச்சல்.

மாவு அரைத்தாகிவிட்டது. கிரைண்டர் சத்தத்தில் யாரையும் திட்ட வசதியாக இருந்தது.

மார்ச் 7, சனி

முடிவு செய்துவிட்டேன். அவன் இறங்கி வர மாட்டான் என்றால் நான் ஏறிப் போகிறேன். இந்த மாதம் முடிவதற்குள் பிளாட்டினம் தொட்டால் ரீசெட்டில் கோல்டில் நிற்பேன். அவன் பிளாட்டினத்தில் நிற்பான். ஒரு படி. கம்பெனிக்காரனின் விதியிலேயே அவன் மூஞ்சியில் கரி பூசலாம்.

நான் சில்வரில் கிடப்பது ஆடத் தெரியாததால் இல்லை. ஸ்கேன் சென்டரில் நின்று நின்று கால் வீங்கி வருகிறவளுக்கு ஆட நேரம் எங்கே? தரணிக்கு மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே நான்தான். இந்த மாதம் மதிய ஷிஃப்டாக வாங்கிக்கொண்டேன். காலை முழுக்க எனக்கு.

மார்ச் 8, ஞாயிறு

ஆல்வினுக்குத் தவக்காலம், கறி மீன் எதுவும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமையும் கருணைக்கிழங்கு வறுவல். எனக்குத் தவம் எதுவும் இல்லை என்றாலும் ஒரு ஆளுக்காகத் தனியாகக் கோழி எடுக்க அலுப்பு.

என் ரேங்கை யாரும் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டேன். ஆட்டத்தில் அந்த வசதி இருக்கிறது. நண்பர் பட்டியலில் இருப்பவர்களுக்கும் தெரியாது, ஆட்டத்துக்குள் பெயரும் தெரியாது. முதல் நாள் தரணி அழைப்பு அனுப்பும்போது நான் கோல்டில் நிற்பதைப் பார்த்து அவன் வாயில் ஈ போக வேண்டும்.

மார்ச் 9, திங்கள்

தரணியும் மறைத்துவிட்டான்.

நேற்று வரை டைமண்ட் என்று பளபளத்த இடத்தில் இன்று பூட்டுப் படம் போட்டிருக்கிறது. நான் மறைத்தது வேறு. இவன் எதற்கு மறைக்க வேண்டும்? சில்வர்காரி பார்க்கக் கூடாதாம். என்னைவிட எவ்வளவு உயரத்தில் இருக்கிறான் என்று நான் தெரிந்துகொள்ளக்கூட லாயக்கில்லையாம். கோயம்புத்தூரில் சம்பளம் கொடுத்து ஆட வைக்கும் ஏதோ ஒரு டீம் அவனைச் சோதனைக்கு எடுத்திருக்கிறது என்று முபாரக் போன மாதம் சொன்னான். முபாரக் ஆம்பூர்க்காரன், என்னோடு கொரோனா காலத்திலிருந்து ஆடுகிறவன், முகத்தைப் பார்த்ததில்லை. டீம் கிடைத்ததும் தலைக்கனம் வந்துவிட்டது தம்பிக்கு. அப்பாவின் பிள்ளை. அச்சு அசல் அப்பா.

மார்ச் 12, வியாழன்

கோல்டு.

பெயருக்குப் பக்கத்தில் தெரிகிற ரேங்க் பட்டை என்பது மேல்சட்டைதான். உள்ளே எல்லோருக்கும் ஒரு ரகசிய மதிப்பெண் வைத்திருக்கிறார்கள், யாருக்கும் காட்டுவதில்லை. தொடர்ந்து ஜெயித்தால் அது ஏறும். அது ஏறினால் பட்டையும் மளமளவென்று ஏறும். என்னுடையது ஏறிக்கொண்டிருக்கிறது போலிருக்கிறது. தோற்றால் கொஞ்சமாக இறக்கி, ஜெயித்தால் அள்ளிக் கொடுக்கிறான்.

என் குரலைக் கேட்டதும் ஒரு விடலை, ஆன்ட்டி அடுப்புல பால் பொங்குது போய்ப் பாருங்க என்றான். எங்கள் டீமில் அதிகம் சுட்டது நான், அவன் கடைசி. முடிந்ததும், பால் இறக்கியாச்சு தம்பி என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியேறினேன். பெரிய ஆறுதல் ஒன்றும் இல்லை. கொஞ்சம் இருந்தது.

வேலையில் ஒரு பெரியவர் எம்ஆர்ஐ மெஷினுக்குள் போய்க் காலை ஆட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு முறை திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. டாக்டர் என்னிடம் எரிந்து விழுந்தார். அவர் காலை நானா ஆட்டினேன்?

மார்ச் 14, சனி

இன்றைக்கு ஒருத்தன் என் கையில் கிடைத்திருந்தால் கொலைக் கேஸ்.

கோல்டில் இப்படிச் சில ஜென்மங்கள் வந்து சேர்கின்றன. தோற்க வேண்டும் என்றே ஆடுவார்கள். கீழே போய்ச் சின்னப் பையன்களை அடித்து ஜெயிக்கலாம் என்று வேண்டுமென்றே இறங்குகிற கூட்டம். இன்று இந்த ஒரு ஆட்டத்தில் ஜெயித்திருந்தால் பிளாட்டினத்துக்குப் பாதி வழி தாண்டியிருப்பேன். எங்கள் டீமில் பெயரை மறைத்துக்கொண்டு ஒருவன். மைக்கையும் அணைத்து, எங்கள் குரலும் தனக்குக் கேட்காதபடி அடைத்துவிட்டான், அந்தப் படம் திரையில் தெரிந்தது. நான் தொடக்கத்தில், யாரும் பிரியாதீர்கள், சேர்ந்தே போவோம் என்று சொன்னேன். அவன் முதலில் கண்ணில் பட்ட என்னிடம் வந்து, தன் கையிலிருந்த நல்ல துப்பாக்கியை என் காலடியில் போட்டான். மருந்துப் பையையும் போட்டான். பிறகு தொடங்கிய இடத்துக்கே திரும்பிப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். எதிரி வந்து சுடுகிறவரை அசையவில்லை. அடுத்த சுற்றிலும் அதே. துப்பாக்கி, மருந்து, சுவர்.

அந்தத் திமிரைப் பார்க்க வேண்டும். தானமாம். எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தை எல்லாவற்றையும் மைக்கில் சொன்னேன். மதுரைப் பக்கத்து வார்த்தை, ஆல்வினிடம் கற்ற தூத்துக்குடி வார்த்தை, ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை. அவன் காதில்தான் விழவில்லை. நாலு பேர் ஐந்து பேரோடு மோதித் தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் வேண்டுமென்றே தோற்றான் என்று கம்பெனிக்குப் புகார் அனுப்பினேன். மற்ற மூவரையும் அனுப்ப வைத்தேன். இவன் எல்லாம் யார் வயிற்றில் பிறந்தானோ.

மார்ச் 17, செவ்வாய்

இன்று ஒரு ஆட்டமும் ஜெயிக்கவில்லை. எழுத ஒன்றும் இல்லை. தலைவலித் தைலம் தீர்ந்துவிட்டது.

மார்ச் 19, வியாழன்

முபாரக் கூப்பிட்டான். இழுத்து இழுத்துப் பேசினான். கடைசியில் விஷயத்தைக் கக்கினான். கோயம்புத்தூர் டீம் தரணியை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாம். பத்து நாளாக அவன் ஆடுவது ஆட்டமே இல்லையாம். வரிசையாகத் தோல்வி, நிறையப் புகார், நடத்தை சரியில்லை என்று கம்பெனியும் எச்சரித்திருக்கிறது. யாரோ ஒரு வீடியோ எடுத்துக் குரூப்பில் போட்டிருக்கிறார்களாம், அனுப்பட்டுமா என்றான். வேண்டாம் என்றேன். எனக்கென்ன அதைப் பார்த்து ஆக வேண்டியிருக்கிறது.

முபாரக்கிடம் அழவில்லை. போனை வைத்ததும் கோபம்தான் வந்தது. அந்த டீமுக்காக அவன் இரண்டு வருஷம் உட்கார்ந்தான். தேர்வுக்கு முந்தின நாள்கூட ஆடிவிட்டுப் போய் எழுதினான். அப்பா கம்ப்யூட்டரை எடைக்குப் போடுவேன் என்றபோது நான் குறுக்கே நின்று வாங்கிய திட்டு கொஞ்சமா? கைக்கு எட்டியதை இப்படிக் காலால் தள்ளிவிடுகிறான். குடிக்கிறானா, காதல் கீதல் என்று விழுந்துவிட்டானா, ஒன்றும் தெரியவில்லை. கேட்கவும் முடியாது. கேட்டால் வாக்குப் போய்விடுமே உத்தமனுக்கு.

பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அப்படியே சாப்பிட்டோம்.

மார்ச் 22, ஞாயிறு

ஆல்வினோடு சண்டை.

நான் ஒரு ஆட்டத்தில் தோற்று மேசையைக் குத்தியதில் அவருடைய டீ கொட்டிவிட்டது. துடைத்துக்கொண்டே கேட்டார்.

"என்னத்துக்கு இப்டி உடம்பக் கெடுக்குத? உன் தம்பிதான. போனப் போட்டு என்னலே ஆச்சுன்னு கேளு. தீர்ந்துச்சு."

"அவன் வாக்குக் குடுத்திருக்கான். நான் போன் பண்ணி அவன் எடுக்கலைன்னா?"

"எடுக்கலைன்னா எடுக்கல. அதுக்கா பயப்படுத?"

பயமாம். எனக்கா. அப்பா எதிரே நின்று இவரைத்தான் கட்டுவேன் என்று சொல்லிவிட்டு ஒற்றைப் பையோடு பஸ் ஏறியவள் நான். எனக்குப் பயம் கிடையாது. அவன் மானத்தைக் காப்பாற்றத்தான் போன் செய்யாமல் இருக்கிறேன் என்றேன். ஆல்வின் பதில் சொல்லாமல் கோயிலுக்குக் கிளம்பிப் போய்விட்டார். பதில் சொல்லாமல் போவதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒரே குணம்.

நான் வந்த அடுத்த வாரம் இங்கே ஒரு பார்சல் வந்தது. என் கம்ப்யூட்டர். போர்வையில் சுற்றி, மூலைக்கு மூலை தெர்மோகோல் வைத்து, கீபோர்டில் ஒரு பொட்டுத் தூசி இல்லாமல் துடைத்து. அனுப்பியவர் பெயர் போட வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அதை எதற்கு இப்போது எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

மார்ச் 27, வெள்ளி

தெருவில் குழாய்க்குத் தோண்டுகிறேன் என்று இன்டர்நெட் கேபிளை அறுத்துவிட்டார்கள். ஆட்டம் நடுவில் அப்படியே உறைந்துபோனது. பாதியில் ஓடிப்போனவள் என்று எனக்குத் தண்டனை, ரேங்கும் கொஞ்சம் இறங்கிவிட்டது. கீழே இறங்கிப் போய்ப் பள்ளத்துக்குள் நின்றவர்களிடம் கத்தினேன். வரைபடத்தில் கேபிள் இல்லைக்கா, நாங்க என்ன செய்ய என்றார்கள். அவர்கள் சொன்னதும் உண்மைதான். கேபிள் கம்பெனிக்குப் போன் செய்தால், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம் என்று ஒரு பெண் பாடிக்கொண்டே இருக்கிறாள்.

ஆல்வின் தன் போனிலிருந்து நெட் கொடுத்துவிட்டு அதை என்னிடமே விட்டு வேலைக்குப் போனார். நன்றி சொல்ல மறந்துவிட்டேன். கோபத்தில் இருந்தேன்.

மார்ச் 30, திங்கள்

பிளாட்டினம்.

கடைசி ஆட்டத்தில் எங்கள் பக்கம் நான் ஒருத்திதான் மிச்சம், அந்தப் பக்கம் இரண்டு பேர். ஒருவன் படிக்கட்டில் வந்தான். இன்னொருவன் என் முதுகுப் பக்கம் வருவான் என்று தெரியும், அப்படித்தான் நான் தரணிக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். திரும்பினேன், வந்தான், சுட்டேன். நாற்காலியை விட்டு எழுந்து நின்று கத்தியதில் பக்கத்து வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி என்ன ஏது என்று கேட்டுவிட்டுப் போனார்.

இப்போது வரட்டும் துரை. எந்த லட்சணத்தில் ஆடினாலும் டைமண்டிலிருந்து அவ்வளவு சீக்கிரம் கீழே வந்துவிட முடியாது. மிஞ்சிப்போனால் பிளாட்டினத்துக்கு வந்திருப்பான். அப்போதும் சேரலாம். முதல் ஆட்டம் முடிந்ததும், வாக்காவது மண்ணாவது, டீமை ஏன்டா விட்டாய் என்று மைக்கிலேயே கேட்டுவிடப் போகிறேன். ரேங்க் ஆட்டத்துக்குள் கேட்டால் அது பேச்சில் சேராது. அவன் சட்டம்தானே.

ஏப்ரல் 1, புதன்

லீவு போட்டேன். சர்வர் திறந்ததும் உள்ளே போனேன். என் பட்டை ஒரு படி இறங்கிக் கோல்டில் நின்றது. தரணி பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி. நான் கையை மவுஸில் வைப்பதற்குள் அவன் அழைப்பு வந்துவிட்டது. எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்திருக்கிறான். கண் கொஞ்சம் கலங்கியது, மறைத்துப் பயனில்லை. ஏற்றுக்கொண்டேன்.

திரையில் சிவப்பாக ஒரு வரி. ரேங்க் வித்தியாசம் அதிகம், சேர்ந்து ஆட முடியாது.

நான் கோல்டு. அவன் இன்னும் டைமண்டில் இருக்கிறானா என்று ஒரு நொடி நினைத்தேன். ரீசெட்டுக்குப் பிறகு டைமண்டில் ஒருவனும் இருக்க முடியாது. அப்போதுதான் அவன் பட்டையைப் பார்த்தேன். அழைப்பு ஏற்றதும் மறைத்ததெல்லாம் திறந்துவிடுகிறது. ப்ரான்ஸ்.

டைமண்டில் இருந்தவன் ப்ரான்ஸில். ஒரு படிதான் ரீசெட் இறக்கியது. மற்றதெல்லாம் அவனே இறங்கியது.

எனக்கு விளங்க நேரம் பிடித்தது. முட்டாள். வடிகட்டின முட்டாள். நான் சில்வரில் கிடக்கிறேன் என்று நினைத்து, என்னோடு சேர்வதற்காக, வேண்டுமென்றே ஒவ்வொரு ஆட்டமாகத் தோற்றுத் தோற்று இறங்கி வந்திருக்கிறான். அதற்காக ரேங்கை மறைத்தான். அதற்காக டீமைத் தொலைத்தான். நான் அவனுக்காக ஏற, அவன் எனக்காக இறங்க, நடுவில் எங்கேயோ ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறோம். பதினான்காம் தேதி எழுதியதைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்க்கவும் போவதில்லை.

போனை எடுத்து அடித்தேன். ஒரு மணி முழுதாக அடிக்கவில்லை, எடுத்துவிட்டான். ஹலோ கூடச் சொல்லவில்லை நான்.

"உன்ன எவன்டா எறங்கச் சொன்னான்?"

"உன்ன எவ ஏறச் சொன்னா?" என்று அவனும் கத்தினான். "சில்வர்லயே இருக்க வேண்டியதுதானே. எத்தன வருசமா அங்கதானே இருந்த."

"நான் பிளாட்டினம்டா. தெரியுமா உனக்கு? கோல்டோட நின்னு தொலச்சிருந்தாக்கூட இன்னைக்கு சேந்திருக்கலாம். சில்வர் வரைக்கும் எதுக்குடா எறங்குன?"

இந்த முறை அவன் கத்தவில்லை.

"நீ ப்ரான்ஸுக்கு விழுந்திருப்பியோன்னு நெனச்சேன். வேலைக்குப் போற, ஆடவே மாட்டேங்குற. நீ விழுந்திருந்தா சீக்கிரம் ஏற மாட்ட, கோல்டுல நின்னா ரீசெட்டுக்கு அப்பறம் நான் சில்வர், ரெண்டு ஆட்டம் ஜெயிச்சதும் மறுபடி கோல்டு, திரும்பப் பிரிஞ்சிருவோம். அதான் பாதுகாப்புக்கு ஒரு படி சேத்து எறங்குனேன்."

நான் விழுந்திருப்பேனாம். இவனுக்கு மவுஸ் பிடிக்கச் சொல்லிக் கொடுத்தவள் ப்ரான்ஸுக்கு விழுந்திருப்பாளாம். அதற்குத் தனியாகக் கத்தினேன். பிறகு டீமுக்காகக் கத்தினேன். டீம் அடுத்த வருஷமும் ஆள் எடுக்கும், தவறவிட்ட முதல் ஆட்டம் திரும்ப வருமா என்று கேட்டான். அந்த மாதிரிக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்வதில்லை, அதனால் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

அந்தப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது. யாருடா போனில் என்றார். வைத்துவிடு என்று சொல்ல வாயெடுத்தேன். தரணி போனைக் கையால் பொத்தவில்லை. குரலையும் தாழ்த்தவில்லை.

"அக்கா" என்றான்.

அப்பா ரிமோட்டை எடுத்திருக்க வேண்டும். டிவி சத்தம் ஏறியது. ஏறிக்கொண்டே போனது. செய்தி வாசிக்கிறவன் என் காதுக்குள் நின்று கத்துகிற மாதிரி இருந்தது.

"பேசு, எனக்குக் கேக்குது" என்றான் தரணி.

டிவிக்கு மேல் கத்தியதில் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

ஏப்ரல் 2, வியாழன்

சாயங்காலம் ஆல்வினோடு பெரிய வியாழன் பூசைக்குப் போவதாக இருந்தது. சேலையும் கட்டிவிட்டேன். தரணி கூப்பிட்டான். அவனே கூப்பிட்டான். ஆல்வினைப் போகச் சொல்லிவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்துகொண்டேன். அவர் என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்துவிட்டுப் போனார்.

யார் நகர்வது என்று சண்டை. நான் இரண்டு ஆட்டம் தோற்றால் சில்வர், உடனே சேர்ந்துவிடலாம் என்கிறான். தோற்பதற்கா நான் உயிரை விட்டு ஏறினேன்? நீ ஏறி வா, டைமண்டில் ஆடியவனுக்கு ப்ரான்ஸைத் தாண்ட எவ்வளவு நேரம் ஆகும் என்றேன். நடத்தை சரியில்லை என்று கம்பெனி ஒரு வாரத்துக்குத் தனி ஆட்டத்தைப் பூட்டிவிட்டதாம், யாரோடாவது சேர்ந்துதான் ஆட முடியுமாம். புகார் கொடுத்தவர்களைச் சபித்தான். நான் அந்த இடத்தில் மட்டும் பேச்சை மாற்றினேன்.

அப்புறம் டீமைப் பற்றி மறுபடி ஆரம்பித்தேன். அந்தக் கோயம்புத்தூர்க்காரர்களுக்கு உண்மையைச் சொல்லி எழுது என்றேன். என்னவென்று எழுத, அக்காவோட ஆட ஆசப்பட்டுத் தோத்தேன்னா, சிரிப்பானுங்க என்றான். சிரிக்கட்டும், எழுது என்றேன். முடியாது என்றான். உன் அப்பனுடைய பிடிவாதம் அப்படியே இருக்கிறது உனக்கு என்றேன். உனக்கு மட்டும் இல்லையாக்கும் என்றான்.

திடீரென்று குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, ஒரு நிமிசம். அப்பா டிவிய அமத்திட்டாரு."

உற்றுக் கேட்டேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அடுப்படியில் பாத்திரம் உருள்வதுகூட நின்றுவிட்டிருந்தது. போன் ஸ்பீக்கரில் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, ஆனால் நீ கத்துகிற கத்தலுக்கு அது தேவையில்லை, நாற்காலியை இந்தப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்றான்.

கேட்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகத் திட்டினேன்.